கிடாரின் ஒரு சத்தத்திலிருந்து மெட்டு பிடிப்பது எப்படி: வீட்டு ரெக்கார்டிங்குக்கு முழுமையான வழிகாட்டி

என் அறைக்கு வந்து ரெக்கார்டிங் கற்றுக்கொள்ள உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எலெக்ட்ரிக் கிடாரை மாட்டுவார்கள், கணினியில் ஆம்ப்ளிஃபயர்போல் ஒலிக்கும் ஆம்ப் பிளக்-இன்னைத் திறப்பார்கள், அதில் முன்பே அமைத்துவைத்த சத்தங்களின் பட்டியலில், அதாவது ப்ரீசெட்களில், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நான்கு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது). இரண்டு மணி நேரத்தில் காது களைத்துப்போகும். ரெக்கார்ட் பட்டனை ஒருமுறைகூட அமுக்கியிருக்க மாட்டார்கள். கடைசியில் "இன்னைக்கு ஒண்ணும் தோணலை" என்று கிளம்பிவிடுவார்கள்.

கற்பனையில் ஒரு குறையும் இல்லை. வரிசைதான் தப்பு. சத்தம் தேடும் நேரமும் மெட்டு தேடும் நேரமும் வேறு வேறாக இருக்க வேண்டும். முதலில் சத்தத்தை முடிவு செய்து பூட்டிவிட்டால், மெட்டுக்கான பாதி வேலையை அந்தச் சத்தமே செய்துவிடும். என்னிடம் இருப்பது மூன்று சிங்கிள்-காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், வகை கிடார். உதாரணங்கள் அதை வைத்தே இருக்கும். ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் ஆடியோ இன்டர்பேஸ், அதாவது கிடாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி. அதில் கிடார் படம் போட்ட, அல்லது 'இன்ஸ்ட்' என்று எழுதிய பட்டன் ஒன்று இருக்கும். அதை அமுக்காமல் வாசிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கிடார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு உள்ளீட்டுத் தடை தேவை. மைக்குக்கோ லைனுக்கோ உரிய நுழைவு பிக்கப்பை இழுத்துப் பிடித்துவிடும். மேல்சுரங்கள் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். பட்டனை மறந்துவிட்டு கிடாரையே மாற்ற நினைத்தவர்கள் உண்டு.

வயர் உள்ள ஹெட்போன். புளூடூத் ஹெட்போனில் பாட்டு கேட்கலாம், வாசிக்க முடியாது. நீங்கள் மீட்டியபின் சத்தம் காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும். கை தடுமாறும், காரணமும் புரியாது.

கேபிள் 3 மீட்டர் போதும். கேபிள் நீள நீள, சிங்கிள்-காயிலின் பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

ரெக்கார்டிங் மென்பொருள் ஏதாவது ஒன்று: ரீப்பர், கராஜ்பேண்ட், எது பழக்கமோ அது. ஆம்ப் பிளக்-இன்னும் ஒன்றே ஒன்று. நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்தாறு பிளக்-இன் இருந்தால் மற்றவற்றை மறந்துவிடுங்கள். அப்புறம் ஒரு நோட்டு, ஒரு பேனா. இது ஏன் என்று கடைசியில் தெரியும்.

2. கிடாரைச் சரிபார்த்தல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கிடாரில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேர்மேலே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி ஹார்மோனிக், அதாவது மணிபோன்ற மெல்லிய ஒலி, எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்திய சுரம் மேலே போனால் பிரிட்ஜில் (கிடார் உடம்பில் கம்பிகள் போய்ச் சேரும் இடம்) அந்தக் கம்பி உட்காரும் துண்டான சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், கீழே போனால் முன்னுக்கு இழுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் ட்ராக் நன்றாகத்தான் இருக்கும். அதன்மேல் இரண்டாவது கிடாரை வைக்கும்போதுதான் ஏதோ புளித்ததுபோல் கேட்கும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வியர்வையும் ஈரக்காற்றும் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். புதுக் கம்பி போட்டால் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துவிட்டு இரண்டு மூன்று முறை சுருதி சேர்த்த பிறகே ரெக்கார்ட் செய்யுங்கள். பழைய மங்கலான கம்பியின் சத்தம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், துரு மட்டும் வேண்டாம்.

ஸ்ட்ராட் வகையில் இன்னொன்று. பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அதன் காந்தம் கம்பியை இழுக்கும். தடித்த கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால், ஒரு சுரத்துக்குள் இரண்டு சுரம் இருப்பதுபோல் தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

3. இரைச்சலை விரட்டுதல்

இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் கிடாரின் எல்லைக்குள்ளேயே விழும். கிடாரின் மிகத் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அதனால் ரெக்கார்ட் ஆன இரைச்சலை ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வெட்டினால் கிடாரும் சேர்ந்து போகும்.

கிடாரை மாட்டி, கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, நாற்காலியோடு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாகக் குறையும். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். சிங்கிள்-காயில் பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி, அதற்குத் திசை உண்டு. ஹம்பக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அடுத்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக் கேளுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் 'கிர்ர்' நின்றால் பேட்டரியில் ரெக்கார்ட் செய்யுங்கள். எர்த் உள்ள மூன்று முள் பிளக்கையே பயன்படுத்துங்கள். இரைச்சல் போகிறது என்பதற்காக எர்த் முள்ளை உடைக்கும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள், கம்பியைத் தொடுவது உங்கள் கை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது சத்தம் கரகரக்கிறதா? சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் அப்படித்தான் இருக்கும், அந்த நேரத்தில் டீ குடிக்கலாம்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் ஒரு கூர்மையான ரீங்காரம். கிடாரைத் திறந்து உள்ளே செப்புத் தகடு ஒட்டினேன், சாக்கெட்டுக்குப் புதிதாக ஈயம் வைத்தேன், கேபிள் மாற்றினேன். ஒருநாள் அம்மா அடுத்த அறையில் ஃபேனை நிறுத்தியதும் ரீங்காரமும் நின்றது. திருகித் திருகி வேகம் மாற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையைத் துண்டு துண்டாக நறுக்குகிறது, அந்த நறுக்கல்தான் பிக்கப்பில் கேட்கிறது. டக் டக்கென்று படியாக விழும் கப்பாசிட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் வீட்டில் முந்தைய வகை இருந்தால் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

4. லெவலும் தாமதமும்

உங்களால் முடிந்த அளவு ஓங்கி ஒரு கார்ட் அடியுங்கள். மீட்டர் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்பேஸின் கெயின் குமிழை (சிக்னலைக் கூட்டுவது) திருப்புங்கள். 24-பிட்டில் ரெக்கார்ட் செய்யும்போது இதைவிடச் சத்தமாக எடுப்பதால் எந்த லாபமும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்த இடத்தைப் பிறகு சரிசெய்யவும் முடியாது.

இந்தக் குமிழின் இடத்தை நோட்டில் எழுதி, அதன்பின் தொடாதீர்கள். ஆம்ப் பிளக்-இன்னுக்குள் எவ்வளவு சிக்னல் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் டிஸ்டார்ஷன், அதாவது சத்தம் கிழியும் கரகரப்பு, வரும். நேற்று பிடித்த சத்தம் இன்று வரவில்லை என்றால், பத்தில் ஐந்து முறை இந்தக் குமிழ் நகர்ந்திருக்கும்.

பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு திசைக்கு 2.7 மில்லிநொடி. போய்வரும் கணக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். அறையில் ஆம்பிலிருந்து 3.4 மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்துசேர 10 மில்லிநொடி ஆகும், எனவே அதற்குள் இருந்தால் கைக்கு உறுத்தாது. விண்டோஸ்காரர்கள் தாமதத்தைக் குறைக்க இன்டர்பேஸோடு வந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள்.

5. மவுஸைத் தொடாமல் சத்தம் தேடுதல்

இந்த வழிகாட்டியின் நடு முதுகெலும்பு இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள்.

பிளக்-இன்னில் ஒரு க்ளீன் ஆம்ப் (கரகரப்பு இல்லாதது), அதோடு ஸ்பீக்கர்போல் ஒலியை வடிகட்டும் ஸ்பீக்கர் சிமுலேஷன். ரிவர்ப் (அறையின் அதிர்வொலி), டிலே (தாமதித்து வரும் எதிரொலி) எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் சிமுலேஷன் கட்டாயம் வேண்டும். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை வெகுவாக இறக்கிவிடும், நமக்குப் பழகிய கிடார் சத்தம் அந்த வடிகட்டலில்தான் இருக்கிறது. அது இல்லாமல் கெயினைக் கூட்டினால் கொசு பேட்டில் கொசு மாட்டியதுபோல் இருக்கும்.

இப்போது ரெக்கார்ட் பட்டனை அமுக்கிவிட்டு மவுஸைத் தள்ளிவையுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து தொடங்கி பிக்கப் சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் முப்பது முப்பது நொடி வாசியுங்கள். தெரிந்த பாட்டு வேண்டாம், அது காதை ஏமாற்றும். ஒரு சுரத்தை மீட்டி அது முழுதாகச் சாகும்வரை விடுங்கள். பிறகு ஒரு கார்ட், பிறகு ஒரு திறந்த கம்பி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த நிலை என்று வாயால் சொல்லுங்கள். மைக் இல்லாவிட்டால் நோட்டில் வரிசையாகக் குறியுங்கள்.

ஸ்ட்ராட்டில் 2ஆம், 4ஆம் நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் கண்ணாடிக் குவளையைத் தட்டியதுபோல் ஒரு வெற்றுத்தன்மை வரும். இப்போதைய பெரும்பாலான ஸ்ட்ராட்களில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், இந்த இரு நிலைகளிலும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அடங்கிவிடும். வீட்டு ரெக்கார்டிங்குக்கு இது ஒரு வரம்.

அடுத்து பிடித்த இரண்டு நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிடாரின் வால்யூமை 10இலிருந்து 7க்கு இறக்குங்கள். புதிதாக வருபவர்கள் இந்தக் குமிழைத் தொடுவதே இல்லை. சத்தம் குறைவதோடு மேல்பகுதியும் கொஞ்சம் மழுங்கும், பல கிடார்களின் நல்ல குரல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. டோனையும் அப்படியே.

கடைசியாகக் கை. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டுங்கள், பிறகு கழுத்து முடியும் இடத்தில் மீட்டுங்கள். பிக்கை (மீட்டும் சின்னத் தகடு) கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் தடவுங்கள். ஒரே கிடார், ஒரே ஆம்ப். ஆனால் எந்த ப்ரீசெட் மாற்றத்தைவிடவும் பெரிய மாற்றம் இங்கே கேட்கும்.

6. ஒரு இரவு ஆறப்போடுதல்

அன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். மறுநாள் கிடாரைக் கையில் எடுக்காமல் கேளுங்கள். கையில் கிடார் இருக்கும்போது விரலுக்குச் சுகமாக இருந்ததையும் காதுக்குச் சுகமாக இருந்ததையும் நாம் பிரிப்பதில்லை.

கேட்கும் முன் எல்லாத் துண்டுகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே ஜெயிக்கும். எதைக் கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்று காது நீள்கிறதோ அதைக் குறியுங்கள். அழகாக இருப்பது வேறு, நீள வைப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

7. கெயினும் ரிவர்பும்

இப்போதுதான் பிளக்-இன்னின் பக்கம் வருகிறோம். மெல்ல மீட்டினால் தெளிவாகவும் ஓங்கி அடித்தால் ஓரம் கிழிவதாகவும் இருக்கும் இடம்வரை கெயினை ஏற்றுங்கள். அங்கே நிறுத்துங்கள். மீதியைக் கிடாரின் வால்யூம் பார்த்துக்கொள்ளும்.

ரிவர்பைக் கடைசியாக, கொஞ்சமாக. முதல் பத்து நிமிடம் ரிவர்ப் எதையும் அழகாக்கிவிடும், உங்கள் கிடாரின் தனிக்குணம் எங்கே இருக்கிறது என்பது அந்தப் பனியில் மறைந்துபோகும்.

நிஜ ஆம்ப் இருந்தால், மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில், ஸ்பீக்கரின் நடுவிலுள்ள வட்ட மூடி முடியும் விளிம்புக்கு நேராக வையுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை, வெளியே நகர்த்தினால் இருட்டு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் கனவுதான்.

8. பூட்டிவிட்டு இருபது நிமிடம்

ப்ரீசெட்டைச் சேமியுங்கள், பிளக்-இன் சாளரத்தை மூடுங்கள். இனி எந்தக் குமிழையும் தொடக்கூடாது. ரெக்கார்ட் பட்டனை அமுக்கி இருபது நிமிடம் நிறுத்தாமல் வாசியுங்கள். தப்பானாலும் நிறுத்த வேண்டாம், மெட்ரோனோமும் (தாளம் தட்டிக் காட்டும் கருவி) வேண்டாம். ஏதாவது பிடித்தால் கிடார் உடம்பில் இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு அலைவடிவத்தில் அந்தக் கூர் கண்ணுக்குத் தெரியும், தேடுவது சுலபம்.

இங்கே செய்யும் தவறு, ஏற்கெனவே தலையில் இருக்கும் மெட்டை இந்தச் சத்தத்துக்குள் திணிப்பது. அதற்குப் பதில் இந்தச் சத்தம் எதைத் தாங்குகிறது, எதைத் தாங்கவில்லை என்று சோதியுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்று. 4ஆம் நிலை, வால்யூம் 6, கட்டைவிரல். (கம்பிகளை மெலிந்ததிலிருந்து எண்ணுகிறேன்.) ஐந்தாம் கம்பியைத் திறந்து, அதாவது ஃப்ரெட் அழுத்தாமல், மீட்டி, முதல் இரண்டு கம்பிகளையும் திறந்தபடியே ஒலிக்கவிட்டு, மூன்றாம் கம்பியில் மட்டும் விரலை நகர்த்திக்கொண்டிருந்தேன். 4ஆம் ஃப்ரெட்டுக்கு வந்ததும் சத்தம் திடீரென்று மினுமினுத்தது. அந்த ஃப்ரெட்டில் மூன்றாம் கம்பியும் திறந்த இரண்டாம் கம்பியும் ஒரே சுரம். ஆனால் நூலிழை வித்தியாசத்தில் இரண்டும் அதிர்வதால், மெதுவாக அலையடிப்பதுபோல் ஓர் ஆட்டம். 5ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் அரைச்சுரம் உரசியது, கசப்பாக, ஆனால் நன்றாக. 7ஐத் தாண்டி 9க்குப் போனதும் மறுபடி அதே மினுமினுப்பு, இந்த முறை திறந்த முதல் கம்பியோடு. ஒற்றுமையில் தொடங்கி, உரசி, விலகி, இன்னொரு ஒற்றுமையில் போய்ச் சேருகிற ஒரு வரி. பாட்டின் பல்லவி அதுதான்.

அதையே பிரிட்ஜ் பிக்கப்பில் கெயின் ஏற்றி வாசித்துப் பார்த்தேன். 5ஆம் ஃப்ரெட்டின் உரசல் வெறும் குப்பையாக மாறியது. டிஸ்டார்ஷன் அடுத்தடுத்த சுரங்களைக் கலந்து புதுச் சுரங்களை உண்டாக்கும், அரைச்சுரத்தில் அது தாங்காது. ஆக அந்தச் சத்தம் மாறியிருந்தால் அந்த மெட்டே பிறந்திருக்காது. கெயின் உள்ள சத்தம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் ஒற்றைச் சுரங்களும் இரண்டு கம்பி கார்ட்களும்தான் தோது. நீளமாக நிற்கும் சுரத்தை வளைத்துக் கமகமாகப் பிடிக்கவும் அங்கேதான் வசதி, கெயின் சுரத்தைச் சாகவிடாமல் தாங்கும்.

9. வேகத்தைச் சத்தத்திடம் கேட்டல்

மெட்ரோனோமில் 120 என்று இருப்பதை அப்படியே விடுவது பழக்கதோஷம். பிடித்த துண்டை ஓடவிட்டுக் காலால் தாளம் தட்டுங்கள், அதை மென்பொருளின் டேப் டெம்போவில் (தட்டும் வேகத்தை அளக்கும் பட்டன்) அளந்துகொள்ளுங்கள். சுரம் அடங்கும் வேகமே தாளத்தைச் சொல்லிவிடும்: நீண்டு ஒலிக்கும் சத்தம் இடம் கேட்கும், சட்டென்று அடங்கும் சத்தம் அடுத்த அடியைக் கேட்கும்.

டிலே உங்கள் சத்தத்தின் உயிராக இருந்தால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் மில்லிநொடி. வேகம் 90 என்றால் 667. அதில் முக்கால் பங்கு 500. அதாவது 500 மில்லிநொடி டிலே பிடித்திருந்தால், அடிக்கு முக்கால் இடத்தில் எதிரொலி விழ 90 வேகம் சரியாக உட்காரும்.

10. மற்ற கருவிகள்

கிடார் முதலில், மற்றவை அதற்கு வழிவிட்டு. என் பாட்டில் திறந்த கம்பிகள் மேலே மினுங்கிக்கொண்டிருந்ததால் டிரம்ஸின் ஹை-ஹாட்டை (ஜோடி உலோகத் தட்டு) எடுத்துவிட்டேன், இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டன. பேஸ் கிடார் வந்தபின் கிடாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேஸ் வராமல் முன்கூட்டியே வெட்டினால், தனியாகக் கேட்கும்போது கிடார் மெலிந்து தெரியும், பயந்துபோய் வேறு எதையாவது கூட்டுவீர்கள்.

11. மறுபடி வாசித்தல்

இருபது நிமிட ஓட்டத்தில் கிடைத்த துண்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? துடிப்பு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சறுக்கல்களோடு. மறுபடி வாசிப்பதாக இருந்தால் அதே நாற்காலி, அதே டேப் போட்ட இடம், அதே விரல்.

அகலம் வேண்டுமென்றால் இரண்டு முறை வாசித்து ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். ஒரே ட்ராக்கை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். இரு கைவாசிப்புக்கு நடுவிலுள்ள சிறு வித்தியாசம்தான் காதுக்கு அகலமாகத் தெரிகிறது.

பிளக்-இன் இல்லாத உலர்ந்த சிக்னலும் கூடவே பதிவாகியிருக்கும். அதை மியூட் செய்து கண்ணில் படாமல் வையுங்கள். பிளக்-இன் போட்ட சத்தத்தை ஆடியோவாகவே மாற்றிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வசதி இருக்கும்வரை பாட்டு முடியாது, இது என் சொந்தக் கசப்பு.

12. நோட்டில் எழுத வேண்டியவை

பிக்கப் நிலை, வால்யூம், டோன், பிக்கா விரலா, எந்த இடத்தில் மீட்டினீர்கள், கம்பியின் தடிமன், எத்தனை நாள் பழசு, இன்டர்பேஸ் கெயின், ப்ரீசெட் பெயர், வேகம். குமிழ்களை ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். மென்பொருள் தன் பக்கத்து விவரங்களைச் சேமித்துக்கொள்ளும், கிடார் பக்கத்து விவரங்களை அதனால் சேமிக்க முடியாது. என் நோட்டில் அந்தப் பல்லவிக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: "4ஆம் நிலை, வா. 6, டோ. 8, கட்டைவிரல், கழுத்துப் பக்கம், 10-46, மூன்று வாரக் கம்பி, ஃபேன் ஆஃப்."